இராயபுரம் தொடர்வண்டி நிலையம்: முனையம் புறநகர் நிலையமான வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தென்னிந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டி 1856ஆம் ஆண்டு சென்னை இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. அன்று ஒரு மாகாணத்தின் தலைவாயிலாக விளங்கிய அந்நிலையம் இன்று புறநகர் மின்தொடர்வண்டிகள் ஓரிரு நிமிடம் நின்று செல்லும் இடமாக உள்ளது. இம்மாற்றம் நிகழ்ந்த விதத்தை இக்கட்டுரை விளக்குகிறது. இராயபுரம் குறித்து வழங்கும் ‘முதல்’, ‘பழைமையான’ என்னும் அடைமொழிகள் எவ்வெவ்விடத்தில் பொருந்தும் என்பது வரையறுக்கப்படுகிறது. முனையம் என்னும் தகுதியை இழந்தமையே அந்நிலையத்தின் பழங்கட்டடம் எஞ்சி நிற்க வழிவகுத்தது என்பது கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: இராயபுரம், மதராஸ் ரயில்வே, முனையம், புறநகர் நிலையம், நிலையப் பெயர், கட்டட மரபு.

முன்னுரை

தமிழகத்தின் இடப்பெயர் ஆய்வுகளும் ஊர் வரலாற்று ஆய்வுகளும் கோயில், கல்வெட்டு, நீர்நிலை, துறைமுகம் ஆகியவற்றுக்கு அளித்த இடத்தைத் தொடர்வண்டி நிலையங்களுக்கு அளிக்கவில்லை. ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி ஓர் ஊரின் வளர்ச்சியையும் தேய்வையும் முடிவு செய்த காரணிகளுள் இருப்புப்பாதை முதன்மையானது. பாதை சென்ற ஊர்கள் சந்தையாகவும் நகராகவும் பெருகின. அது விலகிச் சென்ற ஊர்கள் தம் பெயரை ஒரு நிலையத்திற்கு ஈந்ததோடு நின்றன. எனவே நிலையம் ஒன்றின் வரலாறு என்பது அது நிற்கும் ஊரின் வரலாற்றில் இன்றியமையாத ஓர் இயல்.

இராயபுரம் நிலையத்தைப் பற்றிப் பொதுவெளியில் எழுதப்படுவன பெரும்பாலும் பெருமிதக் குறிப்புகளாக உள்ளன. ‘இந்தியாவின் முதல் நிலையம்’, ‘இந்தியாவின் இரண்டாவது நிலையம்’, ‘ஆசியாவின் பழைமையான நிலையம்’ என ஒன்றோடொன்று பொருந்தாத கூற்றுகள் அருகருகே காணப்படுகின்றன. இவற்றுள் எது உண்மை என்னும் வினா சொற்பொருள் சார்ந்தது; அத்துடன் பழங்கட்டடம் ஒன்றைக் காக்கும் உரிமைக்குரலின் வலிமை சார்ந்ததும் ஆகும். தவறான காரணத்தைக் காட்டிக் காக்கக் கோரப்படும் ஒன்று, அக்காரணம் தவறென மெய்ப்பிக்கப்படும்போது காப்பின்றி நிற்கும். ஆகவே சரியான காரணத்தை நிறுவுதல் இன்றியமையாததாகிறது.

ஊரும் பெயரும்

இராயபுரம் என்னும் பெயரை ‘இராயப்பர்’ என்னும் பெயரோடு தொடர்புபடுத்துவது பெருவழக்காகும். தமிழ்க் கத்தோலிக்க மரபில் பேதுரு இராயப்பர் என்றும், பவுல் சின்னப்பர் என்றும், யோவான் அருளப்பர் என்றும் வழங்கப்பட்டனர். இராயபுரத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் படகோட்டிச் சமூகத்தினர் எழுப்பிய தேவாலயம் புனித பேதுருவின் பெயரைத் தாங்கியுள்ளது. இப்பெயர் விளக்கத்தை ஏற்பின், இராயபுரம் என்பது ‘பேதுருவின் ஊர்’ எனப் பொருள்படும். பேதுரு மீனவராகவும் படகு செலுத்தியவராகவும் விவிலியத்தில் காட்டப்படுபவர் என்பதும், அவரைப் படகோட்டிகள் தம் காவலராகக் கொண்டனர் என்பதும் இங்கு இணைத்து நோக்கத்தக்கவை.

படகோட்டிகள் இவ்வூரில் நிலைகொண்டமைக்குச் சென்னைக் கடற்கரையின் இயல்பே காரணம். சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரையிலிருந்து தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். கரையோர அலையைக் கடந்து சரக்கையும் ஆளையும் கரைசேர்ப்பது மசூலா, சலங்கு முதலிய படகுகளின் பணியாக இருந்தது. மசூலாப் படகின் பலகைகள் ஆணியால் அறையப்படாமல் கயிற்றால் தைக்கப்பட்டிருந்தமையால் அலையின் அடியைத் தாங்கி நெகிழ்ந்து கொடுத்தன. கடல்வழி வந்த எப்பொருளும் இப்படகுகளின்வழியே சென்னைக்குள் நுழைய வேண்டியிருந்தது. பின்னாளில் இங்கிலாந்திலிருந்து வந்திறங்கிய தண்டவாளத்துக்கும் இயந்திரத்துக்கும் இது பொருந்தும்.

இராயபுரம் அன்றைய கருப்பர் நகரின் வடக்கு மதிலுக்கு வெளியே அமைந்தது. கருப்பர் நகர் என்பது 1906இல் ஜார்ஜ் டவுன் எனப் பெயர் மாற்றப்பட்ட பகுதி. பிரெஞ்சுப் படையின் 1758–59 முற்றுகைக்குப் பிறகு அந்நகரைச் சூழ மதில் எழுப்பப்பட்டது. மதிலுக்குள் வணிகர் வீடுகளும் கிடங்குகளும் நெருங்கி நின்றன. அதன் வடபுறத்தே நிலம் திறந்து கிடந்தது. வணிகத்திற்கும் கடற்கரைக்கும் அண்மை, விரிந்த வெற்றுநிலம் ஆகிய இரண்டும் ஒருங்கே வாய்த்த இடமாக இராயபுரம் விளங்கியது. சென்னையின் முதல் முனையம் இங்கு அமைந்தது ஏன் என்னும் வினாவுக்கு விடை இவ்விரு கூறுகளில் உள்ளது.

பாதையும் நிலையமும்: 1853–1856

மதராஸ் ரயில்வே நிறுவனம் 1845இல் இலண்டனில் தொடங்கப்பட்டது. முதல் முயற்சி பயன் தராமல் நின்று, பின் 1850களின் தொடக்கத்தில் அது புத்துயிர் பெற்றது. அக்காலத்து இருப்புப்பாதை நிறுவனங்கள் ‘உத்தரவாத முறை’யின்கீழ் இயங்கின. நிறுவனம் இலண்டனில் பங்குகளின்வழி முதல் திரட்டும்; அம்முதலுக்கு ஏறத்தாழ 5 விழுக்காடு வருவாயை அரசு உறுதி செய்யும்; பாதை ஈட்டும் வருவாய் அதற்குக் குறையுமாயின் பற்றாக்குறையை இந்திய வரிப்பணம் ஈடுசெய்யும். இடருக்கு உட்படாத இம்முதலீட்டு முறையைப் பின்னாளில் தாதாபாய் நௌரோஜி முதலிய தேசியவாதிகள் கடிந்துரைத்தனர். இராயபுரம் நிலையத்தின் பின்னணியில் இப்பொருளியல் அமைப்பு உள்ளது என்பதை மறத்தலாகாது.

ஆளுநர் நாயகம் டல்ஹவுசி 1853 ஏப்ரலில் எழுதிய குறிப்பு, இந்தியாவில் அமைய வேண்டிய பெருந்தடங்களை வகுத்துக் காட்டியது. அவ்வாண்டிலேயே இராயபுரத்தில் பாதைப் பணி தொடங்கிற்று. 5 அடி 6 அங்குல அகலப்பாதையாக மேற்கு நோக்கிப் பெரம்பூர், ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் வழியாகப் பாலாற்றங்கரை நோக்கி அது சென்றது. பாதை திறக்கப்பட்ட 1856ஆம் ஆண்டிலேயே பெரம்பூரில் பணிமனையும் நிறுவப்பட்டது. பின்னாளில் வடசென்னையைத் தொழிலாளர் குடியிருப்பாக மாற்றிய காரணிகளுள் அப்பணிமனையும் ஒன்று.

தொடக்க விழா 1856 சூன் 28இல் நிகழ்ந்தது. ஆளுநர் ஹாரிஸ் பிரபு தலைமை தாங்கினார். ஆளுநரும் ஐரோப்பிய விருந்தினரும் ஒரு வண்டியில் பாதையின் இறுதிவரை சென்றனர். இந்தியர்களை ஏற்றிய மற்றொரு வண்டி திருவள்ளூர் வரை சென்று மீண்டது. முதல் வண்டியின் பெட்டிகளைச் சென்னையின் சிம்சன் நிறுவனம் உருவாக்கியது. குதிரை வண்டிகள் செய்து பெயர்பெற்ற அந்நிறுவனத்தின் கைவினைஞர்கள் புதிய ஊர்தியின் பெட்டிகளையும் செய்தனர் என்பது தொழில்நுட்ப வரலாற்றில் குறிக்கத்தக்க தொடர்ச்சி. பொதுமக்களுக்கான பயணியர் சேவை சூலை 1ஆம் நாள் தொடங்கியது. இலண்டனில் வெளிவந்த ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ இதழ் இத்தொடக்கத்தைப் படங்களுடன் வெளியிட்டது.

நூல்களில் தொடக்க நாள் சூன் 28 என்றும் சூலை 1 என்றும் இருவேறாகக் காணப்படுவதற்கு, விழா நாளும் சேவை நாளும் வேறுவேறாக இருந்தமையே காரணம். இரண்டும் பிழையல்ல. எந்நிகழ்வின் நாள் என்பதைச் சுட்டாது விடுவதே குழப்பத்தை விளைக்கிறது.

‘ஆர்க்காடு’, ‘வாலாஜா ரோடு’, ‘ஆம்பூர்’

முதல் வண்டி சென்றடைந்த இடத்தைப் பதிவுகள் மூவகையாகக் குறிக்கின்றன. சில ஆர்க்காடு என்றும், சில வாலாஜா ரோடு என்றும், வேறு சில ஆம்பூர் என்றும் சுட்டுகின்றன. ஒரே வண்டி மூன்று ஊர்களில் முடிவுற்றிருக்க இயலாது.

ஆர்க்காடு நகரம் பாலாற்றின் தென்கரையில் உள்ளது. பாதையோ ஆற்றின் வடபுறத்தே சென்றது. ஆற்காட்டு நவாபின் தலைநகர் என்ற வகையில் ஆர்க்காடு என்னும் பெயர் ஆங்கிலேயர் அனைவரும் அறிந்தது. எனவே வடகரையில் அமைந்த நிலையம் அப்பெயராலும் சுட்டப்பட்டது. அந்நிலையமே வாலாஜா ரோடு என இன்று வழங்குகிறது. வாலாஜா என்பது நவாப் முகமது அலியின் பட்டப்பெயர். அதன் வழிவந்தது வாலாஜாப்பேட்டை என்னும் ஊர்ப்பெயர். ஆகவே முதலிரு பெயர்களும் ஓரிடத்தையே குறிக்கின்றன. இராயபுரத்திலிருந்து அவ்விடம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். ஆம்பூர் அதற்கும் வெகுதொலைவு மேற்கே உள்ளது. 1856இல் திறக்கப்பட்ட பாதையின் நீளத்தோடு அது பொருந்தாமையால் அக்குறிப்பை விலக்குதல் தகும்.

இங்கு ‘ரோடு’ என்னும் பின்னொட்டு தனிக் கவனத்திற்குரியது. நிலையப் பெயர்களில் இச்சொல் சாலையைக் குறிப்பதாக மேலோட்டமாகத் தோன்றினும், ‘இந்நிலையம் அவ்வூரில் இல்லை, அவ்வூருக்குச் செல்லும் சாலை இங்கிருந்து தொடங்குகிறது’ என்னும் செய்தியை அது உணர்த்துகிறது. கொடைக்கானல் ரோடு இதற்கு மற்றொரு சான்று. ஊர் மலைமீதிருக்க நிலையம் அடிவாரச் சமவெளியில் உள்ளது. ஊர்ப்பெயரையும் ஊரிலிருந்து விலகி நிற்றலையும் ஒருங்கே சுட்டும் இவ்வகைப் பெயராக்கம் இருப்புப்பாதை தமிழிடப்பெயர் மரபிற்கு அளித்த புதுவகை. ‘பட்டி’, ‘பாக்கம்’, ‘புரம்’ முதலிய ஈறுகளை வகைப்படுத்தும் இடப்பெயராய்வு இதனையும் ஒரு வகையாகச் சேர்த்தல் வேண்டும்.

‘முதல்’ என்னும் சொல்லின் எல்லை

இராயபுரத்திற்கு அளிக்கப்படும் அடைமொழிகளை நான்கு அளவுகோல்களால் பகுத்தாராயலாம்.

முதலாவது, இந்தியாவில் இருப்புப்பாதை முதன்முதலில் இயங்கிய இடம் என்னும் அளவுகோல். சென்னைக்கு அருகில் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குச் சாலைப் பணிக்கான கல் ஏற்றிவர 1837இல் ஒரு பாதை இயங்கியது. ஆர்தர் காட்டன் அம்முயற்சியோடு தொடர்புடையவர். அது சரக்குப் பாதை. இவ்வளவுகோலில் சென்னைக்கு முன்னுரிமை உண்டெனினும் இராயபுரத்திற்கு இல்லை.

இரண்டாவது, பயணியர் சேவை. பம்பாயின் போரி பந்தரிலிருந்து தாணேவுக்கு 1853 ஏப்ரல் 16இல் முதல் பயணியர் வண்டி ஓடியது. ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு 1854 ஆகஸ்டு 15இல் இரண்டாம் சேவை தொடங்கியது. மூன்று மாகாணத் தலைநகரங்களுள் சென்னை மூன்றாவதாகவே இவ்வரிசையில் சேர்ந்தது. இவ்வளவுகோலில் இராயபுரம் முதலிடமோ இரண்டாமிடமோ பெறாது.

மூன்றாவது, வட்டாரம். தென்னிந்தியாவின் முதல் பயணியர் நிலையம் என்னும் கூற்று ஐயத்திற்கிடமின்றிப் பொருந்தும்.

நான்காவது, கட்டடம். போரி பந்தரின் முதல் நிலையம் இன்று இல்லை; அவ்விடத்தே 1878 முதல் 1888 வரை கட்டப்பட்ட விக்டோரியா முனையம், இன்றைய சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையம், நிற்கிறது. தாணேயின் பழைய நிலையமும் எஞ்சவில்லை. ஹௌராவின் முதல் நிலையம் எளிய கொட்டகை; இன்றைய பெருங்கட்டடம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. எனவே தொடக்கக் காலத்துப் பெருநிலையங்களுள் இன்றும் நிலையமாகவே இயங்கிவரும் பழங்கட்டடம் இராயபுரத்தில் உள்ளது. இந்தியாவில் எஞ்சியுள்ள மிகப் பழைய நிலையக் கட்டடம் எனப் பரவலாக அது ஏற்கப்படுவது இதுபற்றியே.

‘முதல்’ என்பதும் ‘எஞ்சியுள்ளவற்றுள் முதல்’ என்பதும் வேறுவேறு செய்திகள். முன்னது ஒரு நிகழ்வைப் பற்றியது; பின்னது ஒரு பொருளைப் பற்றியது. நிகழ்வின் பெருமையை நூல்களால் காக்கலாம். பொருளின் பெருமை அப்பொருள் உள்ளவரையே நிலைக்கும். இராயபுரத்தின் உரிமை இரண்டாம் வகையைச் சார்ந்தது என்பதால் அக்கட்டடம் அழியின் அவ்வுரிமையும் உடனழியும்.

முனையம் என்னும் தகுதி நீங்கிய விதம்

தொடக்கத்தில் இராயபுரத்தின் ஆளுகை விரிந்துகொண்டே சென்றது. மேற்குப் பாதை பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து 1862இல் மலபார்க் கரையின் பேப்பூரை எட்டியது. சோலார்ப்பேட்டையில் பிரிந்த கிளை 1864இல் பெங்களூருக்குச் சென்றது. அரக்கோணத்தில் பிரிந்து வடமேற்கே சென்ற பாதை 1871இல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு இணைந்தது. இருபதாண்டுக்குள் இராயபுரம் அரபிக்கடற்கரைக்கும் பம்பாய்க்கும் செல்லும் வழிகளின் தொடக்கப்புள்ளியாயிற்று.

இவ்வளர்ச்சியே அதன் முதன்மைக்கு இறுதியும் ஆயிற்று. பெருகிய போக்குவரத்திற்கும் நகரின் மையத்திற்கும் பொருந்தியதாக மற்றொரு முனையம் தேவைப்பட்டது. ஜார்ஜ் ஹார்டிங் வடிவமைத்து, ராபர்ட் சிஷோம் மாற்றங்கள் செய்த சென்ட்ரல் நிலையம் 1873இல் பார்க் டவுனில் திறக்கப்பட்டது. இராயபுரம் கடற்கரையையும் வணிகரையும் நோக்கி அமைந்தது. சென்ட்ரலோ தெற்கிலும் மேற்கிலும் விரிந்துவந்த நகரை நோக்கி அமைந்தது. பயணியர் எங்கு வாழ்ந்தனரோ அங்கு முனையம் பெயர்ந்தது எனலாம்.

இரண்டாம் காரணம் துறைமுகம். செயற்கைத் துறைமுகப் பணி 1870களில் தொடங்கியது. 1881 புயலில் சிதைந்து, பின் மீளக் கட்டப்பட்டது. துறைமுகச் சுவர்களுக்குள் கப்பலே வந்து நிற்கத் தொடங்கியபின் படகோட்டிகளின் தொழில் நலிந்தது. கடலோர நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே கொண்டுசெல்லும் மணலைத் துறைமுகச் சுவர் தடுத்தது. அதன் தெற்கே மெரினா விரிந்தது. வடக்கே இராயபுரக் கரை அரிக்கப்பட்டது. எக்கடற்கரையின் அண்மை கருதி நிலையம் அங்கு அமைந்ததோ அக்கரையே சுருங்கிற்று. சென்னையில் மெரினாவின் மணற்பரப்பைப் பற்றிப் பேசும்போது இராயபுரம் இழந்த மணலையும் சேர்த்தே பேசுதல் முறை.

மூன்றாம் காரணம் நிறுவன மாற்றம். 1908இல் மதராஸ் ரயில்வே, தெற்கு மராத்தா ரயில்வேயுடன் இணைந்து மதராஸ்–தெற்கு மராத்தா ரயில்வேயாயிற்று. அதே ஆண்டு சூன் 11இல் தென்னிந்திய ரயில்வேயின் எழும்பூர் நிலையம் திறக்கப்பட்டது. ஹென்றி இர்வின் வடிவமைக்கச் சாமிநாத பிள்ளை கட்டிய அந்நிலையம் தென்மாவட்டங்களின் வாயிலாயிற்று. மேற்கும் வடக்கும் சென்ட்ரலுக்கும், தெற்கு எழும்பூருக்கும் உரியனவாகப் பகுக்கப்பட்டபின் இராயபுரத்திற்கென ஒரு திசை எஞ்சவில்லை. அங்கிருந்த தலைமை அலுவலகமும் 1922இல் சென்ட்ரலுக்கு அருகே எழுந்த புதிய கட்டடத்திற்குச் சென்றது. 1951 ஏப்ரல் 14இல் தெற்கு ரயில்வே உருவானபோது அக்கட்டடமே அதன் தலைமையகமாயிற்று.

புறநகர் நிலையமாதல்

சென்னையின் மின்மயப் புறநகர்ச் சேவை 1931இல் கடற்கரை–தாம்பரம் மீட்டர்பாதையில் தொடங்கியது. இராயபுரத்திற்கு அடுத்த நிலையமான கடற்கரை நிலையமே அச்சேவையின் வடமுனை. நகரின் தென்மேற்கே மாம்பலம், சைதாப்பேட்டை, பல்லாவரம் எனக் குடியிருப்புகள் பெருகியபோது மின்வண்டி அவற்றை நாடிச் சென்றது. தொழிலாளரும் மீனவரும் மிகுதியாக வாழ்ந்த வடசென்னைக்கு அவ்வசதி அரை நூற்றாண்டு காலம் தாழ்ந்தே கிட்டியது. வடக்கிலும் மேற்கிலும் அகலப்பாதை மின்மயமாக்கப்பட்டு மின்தொடர்வண்டிகள் இயங்கத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் ஆகும். அதன் விளைவாகவே இராயபுரம், கடற்கரை நிலையத்திற்கும் வண்ணாரப்பேட்டைக்கும் இடைப்பட்ட புறநகர் நிலையமாக இன்றைய வடிவைப் பெற்றது.

இம்மாற்றத்தைத் தேய்வு என்று மட்டும் கொள்வது பொருந்தாது. முனையம் தொலைதூரப் பயணிக்கு உரியது. புறநகர் நிலையம் அன்றாடப் பயணிக்கு உரியது. 1856இல் இராயபுரத்திற்கு வந்தவருள் பலர் அவ்வூரைச் சாராதவர். அங்கு ஏறி வேறிடம் செல்ல வந்தவர். இன்று அந்நிலையத்தைப் பயன்படுத்துவோருள் பெரும்பாலோர் அவ்வூரில் வாழ்பவர் அல்லது அவ்வூருக்கு வேலைக்கு வருபவர். இந்நோக்கில் நிலையம் தன் ஊருக்கு உரியதானது பிற்காலத்திலேயாகும்.

சொல் வழக்கிலும் இக்கால நீட்சி பதிந்துள்ளது. நீராவி இயந்திரம் கண்ட தலைமுறை அதனைப் ‘புகைவண்டி’ என்றது; அதனைப் பாடும் சிந்துகளும் கும்மிகளும் தோன்றின. பாதையைச் சிறப்பித்து ‘இருப்புப்பாதை’ என்னும் சொல் எழுந்தது. நிலையம் இருந்த பகுதியை மக்கள் ‘ரயிலடி’ என்றனர். ஆலமரத்தடி, தேரடி என்னும் வழக்கின் ஒப்புமையில் அமைந்த இச்சொல், அயற்பொருளைத் தமிழிட வழக்கிற்குள் இயல்பாக ஏற்றுக்கொண்டது. புகை நீங்கி மின்விசை வந்தபின் ‘புகைவண்டி’ பொருந்தாதாகி ‘தொடர்வண்டி’ நிலைபெற்றது. இலங்கைத் தமிழில் ‘புகையிரதம்’ இன்றும் வழங்குகிறது. இச்சொற்கள் குறித்த மாற்றம் முழுவதையும் தன் நடைமேடையில் கண்ட கட்டடம் இராயபுரத்தினது.

கட்டடம் எஞ்சிய காரணம்

இராயபுரம் நிலையம் ஐரோப்பியச் செவ்வியல் பாணியில் தூண்வரிசையோடு அமைந்தது. கோபுரமோ மணிக்கூண்டோ அதற்கில்லை. சென்ட்ரலின் மணிக்கூண்டையும் எழும்பூரின் குவிமாடங்களையும் அதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். பின்னிரண்டும் ‘நிலையம் இவ்வாறு தோன்ற வேண்டும்’ என்னும் எதிர்பார்ப்பு உருவானபின் எழுந்தவை. இராயபுரம் கட்டப்பட்ட காலத்தில் தென்னிந்தியாவில் நிலையம் என்னும் கட்டட வகையே இல்லை. ஆகவே அக்காலத்து மாளிகைக்கும் பொது மண்டபத்திற்கும் உரிய வடிவம் நிலையத்திற்குக் கடனாகப் பெறப்பட்டது. முன்மாதிரியற்ற காலத்தின் வடிவம் என்பதே அதன் கட்டடக்கலைச் சிறப்பு.

இத்தகைய தொடக்கக் கட்டடங்கள் பிற நகரங்களில் ஏன் எஞ்சவில்லை என ஆராயின் ஒரு பொதுக்காரணம் புலப்படும். போரி பந்தரும் ஹௌராவும் முனையங்களாகவே தொடர்ந்தன. ஆண்டுதோறும் பெருகிய பயணியரைப் பழைய கட்டடங்கள் தாங்கவில்லை. அவை இடிக்கப்பட்டுப் பெரியவை எழுந்தன. இராயபுரத்தில் நிகழ்ந்தது இதற்கு மாறானது. பெருகிய போக்குவரத்து வேறிடங்களுக்குச் சென்றுவிட்டமையால் பழங்கட்டடத்தை இடித்து விரிக்கும் தேவை எழவில்லை. புதுக்கியும் மாற்றியும் கட்டுதற்குரிய செல்வமும் கவனமும் சென்ட்ரலுக்கும் எழும்பூருக்கும் சென்றன. அந்தப் புறக்கணிப்பின் நிழலில் 1856இன் கட்டடம் நின்றது.

ஆயினும் புறக்கணிப்பைக் காப்பு எனக் கருதிவிடலாகாது. இடிக்கப்படாத கட்டடம் தானே சிதையவும் கூடும். இராயபுரம் நிலையமும் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் பழுதுற்று நின்றது. மரபார்வலர்களின் தொடர்ந்த வற்புறுத்தலுக்குப் பின் 2005இல் அது புதுப்பிக்கப்பட்டது. புறக்கணிப்பு அதனை 2005 வரை கொண்டுவந்தது. அதற்குப்பின் கொண்டுசெல்ல அக்கறை தேவைப்படுகிறது.

மரபும் பயன்பாடும்

இராயபுரத்தை மீண்டும் முனையமாக்க வேண்டும் என்னும் கோரிக்கை நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகிறது. நிலையத்தைச் சூழப் பரந்த தொடர்வண்டி நிலம் உள்ளமை, சரக்கு முற்றமும் மின்பொறிப் பணிமனையும் அங்கு இயங்குகின்றமை, வடசென்னைக்கெனப் பெருமுனையம் இன்மை ஆகியவை இதற்குக் காட்டப்படும் காரணங்கள். சென்ட்ரல், எழும்பூர் ஆகியவற்றின் நெரிசலைக் குறைக்கத் தாம்பரம் முனையமாக வளர்க்கப்பட்டது. இராயபுரக் கோரிக்கை நிறைவேறவில்லை.

இக்கட்டுரையின் கருதுகோளை ஏற்பின் அக்கோரிக்கை ஓர் இக்கட்டை உள்ளடக்கியுள்ளது. முனையமாகாமையால் எஞ்சிய கட்டடம், முனையமாகும்போது இடருக்குள்ளாகும். நீண்ட நடைமேடைகள், ஊர்தி நிறுத்துமிடம், காத்திருப்புக் கூடம் முதலியன இடம் கோரும். இதனைக் காட்டி வடசென்னை மக்களின் உரிமைக் கோரிக்கையை மறுப்பது நேர்மையாகாது. அரை நூற்றாண்டு தாழ்த்தி மின்வண்டி பெற்ற பகுதி அது. பழங்கட்டடத்தை விரிவாக்கத் திட்டத்தின் தொடக்கத்திலேயே விலக்கமுடியாத கூறாக வரையறுப்பதே பொருந்தும் வழி. நிலப்பரப்பு பெரிது, கட்டடம் அதன் ஒரு சிறு பகுதியையே பற்றியுள்ளது. புதுவளர்ச்சியை அதனருகே அமைக்க இடமுண்டு.

நிலையமாகவே இயங்குதல் அக்கட்டடத்தின் சிறப்பிற்கு இன்றியமையாதது என்பதும் கருதத்தக்கது. அதனை மூடி அருங்காட்சியகமாக மட்டும் மாற்றினால், ‘எஞ்சியுள்ள பழைய நிலையம்’ என்பது ‘எஞ்சியுள்ள பழைய கட்டடம்’ எனக் குறுகும்.

முடிவுரை

இராயபுரம் தென்னிந்தியாவின் முதல் பயணியர் நிலையம். இந்தியாவின் முதல் நிலையமன்று. தொடக்க நாள் குறித்த முரண், விழாவையும் சேவையையும் பிரித்தறியத் தீரும். சேர்விடம் குறித்த முரண், ஆர்க்காடும் வாலாஜா ரோடும் ஓரிடமே என அறியத் தீரும். அலைகடந்து சரக்கேற்றிய படகோட்டிகளின் ஊர் என்பதால் முனையம் அங்கு அமைந்தது. நகரும் துறைமுகமும் நிறுவனமும் மாறியமையால் அத்தகுதி நீங்கிற்று. நீங்கியமையால் கட்டடம் எஞ்சியது.

போரி பந்தரிலும் ஹௌராவிலும் தொடக்கத்தின் நினைவு பெருங்கட்டடங்களுக்கு அடியில் புதைந்துள்ளது. இராயபுரத்தில் அது நடைமேடையோரம் நிற்கிறது. நாள்தோறும் மின்வண்டிக்குக் காத்திருப்போர் அதன் நிழலில் நிற்கின்றனர். இத்தகைய புறநகர் நிலையங்களை ஊர்ப்பெயர், தொழில், சொல் வழக்கு, கட்டடம் ஆகிய நான்கையும் இணைத்து ஆராயும் முயற்சிகள் பிற ஊர்களுக்கும் விரியுமாயின், தமிழக ஊர் வரலாற்றில் இருப்புப்பாதை பெறவேண்டிய இடத்தைப் பெறும்.